ஹாம்பர்க் போகும் பனியன் பெட்டி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பேக்கிங் மேசையில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறார்கள். உள்ளே அரைக்கை டி-சர்ட்டுகள். வெளியே பையரின் பெயர், ஆர்டர் எண், பெட்டி எண், ஹாம்பர்க். இன்சூரன்ஸ் பேச்சு இன்னும் ஆபீஸ் அறையில்கூட எழவில்லை. ஆனால் நாளைக்கு இந்தப் பெட்டிக்குக் கிளெய்ம் கிடைக்குமா என்பதில் ஒரு பங்கு இந்த மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. அயர்ன் சூடு ஆறுவதற்குள் மடித்துப் பாலித்தீன் பையில் போட்டால் நீராவியின் ஈரம் உள்ளேயே தங்கும். கன்டெய்னர் இருட்டில் ஒரு மாதம் கிடந்தால் பூஞ்சை பூத்துவிடும். "துணியின் இயல்பாலும் பேக்கிங் குறைவாலும் வந்த கேடு" என்று சர்வேயர் எழுதினால், எவ்வளவு உயர்ந்த பாலிசியும் கைகொடுக்காது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தில் மிச்சம் பிடிக்கும் முதலாளிகள் இதை யோசிப்பதில்லை.

அடுத்த முடிவு ஆர்டர் தாளில் மூன்றே எழுத்தில் இருக்கிறது: எஃப்.ஓ.பி. திருப்பூரில் பெரும்பாலும் இதுதான் வழக்கம். சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு விற்பவருக்கு, ஏறியபின் வாங்குபவருக்கு. "இன்சூரன்ஸ் பையர் பார்த்துக்கொள்வார்" என்று இங்கே பலரும் சொல்வது இதை வைத்துத்தான். அந்தப் பேச்சில் பாதி உண்மைதான் இருக்கிறது. பையர் எடுத்த பாலிசி அவருடைய நஷ்டத்துக்கு. கப்பல் ஏறுவதற்கு முன் பெட்டி நாசமானால் நஷ்டம் திருப்பூர்க்காரருடையது. ஜெர்மனியில் இருக்கும் பாலிசியில் அவருக்கு உரிமை கிடையாது. இன்னொரு குழப்பமும் உண்டு. "ஈ.சி.ஜி.சி. எடுத்திருக்கிறோமே" என்பார்கள். பையர் பணம் தராமல் போனால் கைகொடுக்க 1957-இல் தொடங்கிய நிறுவனம் அது. பெட்டி நனைந்ததற்கு அங்கே போய் நிற்க முடியாது.

லாரி கிளம்புகிறது. தாராபுரம், மதுரை வழியாகத் தூத்துக்குடி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இரவு ஓட்டம், டீக்கடை நிறுத்தம், தார்ப்பாய்க்கடியில் கை நுழையும் இடைவெளி. பெட்டியின் வாழ்க்கையில் யாரும் காப்பீடு எடுக்காமல் விட்டுவிடும் தூரம் இதுதான். கடல் பெரியது, பயமாக இருக்கிறது, சாலை பழகிப்போனது. இந்தச் சாலைக்கும், அதற்குப் பின் வரும் கிடங்கு நாட்களுக்கும் விற்பவர் தன் பெயரில் தனியாக ஒரு பாலிசி வைத்திருக்க வேண்டும். மாதத்துக்குப் பல லோடு அனுப்புகிறவர் ஒவ்வொரு முறையும் பாலிசி எழுத வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒரு ஓப்பன் பாலிசி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு லோடையும் அறிவித்தால் போதும். அறிவிக்க மறந்த லோடுதான் கவிழும் என்று கிளியரிங் ஏஜென்டுகள் கிண்டலாகச் சொல்வதுண்டு.

தூத்துக்குடியில் பெட்டி நேராகக் கப்பலுக்குப் போவதில்லை. சி.எஃப்.எஸ். எனப்படும் கன்டெய்னர் கிடங்கில் இறங்கி, சுங்க வேலைகள் முடிந்து, கன்டெய்னரில் ஏறக் காத்திருக்கும். எஃப்.ஓ.பி. கணக்கில் இந்தக் காத்திருப்பும் திருப்பூர்க்காரர் தலையில்தான். கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.ஓ.பி.யைவிட எஃப்.சி.ஏ. பொருத்தம் என்று, இந்த எழுத்துகளுக்குப் பொருள் வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் எனும் சர்வதேச வணிக விதிகளை எழுதியவர்களே சொல்கிறார்கள். அதில் கிடங்கில் ஒப்படைத்ததோடு விற்பவர் பொறுப்பு முடியும்படி எழுதிக்கொள்ளலாம். வழக்கம் மாற மறுக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, தூத்துக்குடி நகரமே தண்ணீரில் நின்றது. அப்படி ஒரு நாளில் பெட்டி கிடங்கில் இருந்தால் என்ன ஆகும்? பாலிசியில் ஏ, பி, சி என்ற ஷரத்துகளில் எந்த எழுத்தை வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

உலகம் முழுக்கக் கடல் சரக்குக் காப்பீட்டில் பெரிதும் புழங்கும் ஷரத்துகள் லண்டனில் எழுதப்பட்டவை. ஏ, பி, சி என்று மூன்று. 1982-இல் வந்து 2009-இல் திருத்தப்பட்டன. 'சி' மலிவு: தீ, கப்பல் மூழ்கல், தரைதட்டல், மோதல், லாரி கவிழ்தல் போன்ற பெரிய விபத்துகள் மட்டும். 'பி'யில் நிலநடுக்கம், மின்னல், கப்பலுக்குள்ளோ கிடங்குக்குள்ளோ புகும் கடல், ஏரி, ஆற்று நீர், ஏற்றி இறக்கும்போது தவறி விழுந்து முழுதாகப் போன பெட்டி ஆகியவை சேரும். பட்டியலில் மழை இல்லை; கன்டெய்னர் கூரையில் ஊசித் துளை இருந்து சொட்டினால் 'பி'யும் வாய் திறக்காது. திருட்டும் இல்லை. டி-சர்ட்டுக்கு வருகிற ஆபத்து பெரும்பாலும் இந்த இரண்டுதான். 'ஏ' வேறு மாதிரி: விலக்கியவை தவிர எல்லாம் உண்டு என்கிறது. ஆயத்த ஆடைக்கு 'ஏ'வுக்குக் குறைந்து எதையும் வாங்குவது வீண் என்பது என் கருத்து. மூன்றுக்கும் இடையிலான பிரீமிய வித்தியாசம், துணியின் விலையோடு ஒப்பிட்டால் பேசத் தகுந்த தொகையே அல்ல.

சரக்கு விலையோடு இன்சூரன்ஸும் கப்பல் கூலியும் சேர்த்து, சி.ஐ.எஃப். என்று விலை பேசினால் இன்சூரன்ஸ் விற்பவர் பொறுப்பு. ஆனால் வேறு பேச்சு இல்லாவிட்டால் அவர் 'சி' எடுத்தாலே கடமை முடிந்தது. 2020 இன்கோடெர்ம்ஸும் இதை மாற்றவில்லை, அதே வகையிலான சி.ஐ.பி. என்ற இன்னொரு முறைக்கு மட்டும் 'ஏ' என்று உயர்த்தியது. தொகையையும் சரக்கு விலையோடு நிறுத்துவதில்லை. பத்து சதவீதம் கூட்டி 110-ஆக எழுதுவது வழக்கம். 40 லட்ச ரூபாய் சரக்குக்கு 44 லட்சம். கூடுதல் நான்கு லட்சம், வாங்குபவர் எதிர்பார்த்த லாபத்துக்காக.

பெட்டி கன்டெய்னரில் ஏறுகிறது. கவனமுள்ள சூப்பர்வைசர் அதற்கு முன்பே காலிக் கன்டெய்னருக்குள் நின்று கதவைச் சாத்தச் சொல்லி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்திருப்பார். பிறகு சீல், சீல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்பு. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் ஓடிய அதே தடம். கொழும்பில் இறங்கி, பெரிய கப்பலுக்கு மாற வேண்டும்.

கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 2021 மே 20-இல் தீப்பிடித்தது. அதில் 1,486 கன்டெய்னர்கள். இப்படிப்பட்ட நேரத்தில்தான் "கப்பல் கம்பெனி தராதா?" என்ற கேள்வி எழும். கப்பல்காரரின் சொந்தத் தவறால் மூண்ட தீ என்று நிறுவாதவரை அவருக்குப் பொறுப்பில்லை என்பதே பழைய சட்டம். பொறுப்பு விழுந்தாலும் வரம்பு உண்டு: பெட்டிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப்.-இன் கணக்கு அலகு), அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இரண்டில் எது அதிகமோ அது. கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் பெட்டி எண்ணிக்கையை எழுதாமல் 'ஒரு கன்டெய்னர்' என்று விட்டிருந்தால், மொத்தமும் ஒரே பெட்டியாகிவிடும் அபாயம் இருக்கிறது.

நம் பெட்டிக்கு ஒன்றும் ஆகாமல், பக்கத்துக் கன்டெய்னருக்கும் ஒன்றும் ஆகாமல்கூடச் செலவு வரலாம். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்டதே, அப்போது கப்பலைக் காப்பாற்றிய செலவில் சரக்குக்காரர்களும் பங்கு தர வேண்டும் என்று ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். காப்பீடு உள்ளவருக்குக் காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதக் கடிதம் தரும். இல்லாதவர் ரொக்கம் கட்டித்தான் பெட்டியை எடுக்க வேண்டும். மலிவான 'சி'கூட இந்தப் பங்கை ஏற்கும். ஒன்றுமே எடுக்காமல் இருப்பதற்கும் 'சி'க்கும் உள்ள தூரம் இங்கே தெரியும்.

2023 நவம்பரில் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலை ஏமனின் ஹூதி படையினர் பிடித்த பிறகு, ஐரோப்பா போகும் கப்பல்கள் பல, நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. போர் ஆபத்து 'ஏ'விலும் கிடையாது. தனி ஷரத்து, தனிக் கட்டணம், அதுவும் சரக்கு கப்பலில் இருக்கும் காலத்துக்குத்தான். சுற்றுவழியால் கூடும் நாட்களுக்கு அதுவும் இல்லை. தாமதத்தால் வரும் நஷ்டத்தை மூன்று எழுத்துகளுமே விலக்குகின்றன. கோடைக்குத் தைத்த டி-சர்ட், கோடை முடிந்து கடைக்கு வந்தால், துணியில் ஒரு கறையும் இல்லை என்பதாலேயே காப்பீடும் இல்லை.

ஹாம்பர்க். கன்டெய்னர் கதவு திறக்கும் முன் சீல் எண் சரிபார்க்கப்படுகிறது. சீல் மாறியிருந்தால் அப்படியே நிறுத்தி, பாலிசியில் பெயர் உள்ள சர்வே ஏஜென்டை அழைக்க வேண்டும். பெட்டி குறைந்தோ நைந்தோ இருந்தால் 'சரியாகப் பெற்றேன்' என்று கையெழுத்துப் போடக் கூடாது. வெளியே தெரியாத சேதமானால் மூன்று நாட்களுக்குள் கப்பல் கம்பெனிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், வழக்கென்றால் ஓராண்டுக்குள். காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்ததும் கப்பல்காரர்மேல் வழக்காடும் உரிமை அதன் கைக்குப் போகிறது. அந்த உரிமையைத் தேதி தவறவிட்டுப் பாழாக்கியிருந்தால், கிளெய்ம் தொகையிலேயே பிடித்தம் விழும்.