காரில் பாட்டு ஏன் நின்றுபோகிறது? மௌனத்துக்கும் ஒரு வரலாறு உண்டு



சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். வாடகைக் கார் ஓட்டுகிறார். "டீச்சர், ஸ்டீரியோவில் லைட் எரியுது, நம்பர் எல்லாம் ஓடுது, சத்தம் மட்டும் வரலை. கடையில காட்டினேன். செட்டு போச்சு, புதுசு போடுங்கன்னு சொல்றாங்க" என்றார். புது செட்டு என்றால் அவருக்கு ஒரு வாரச் சம்பாத்தியம். "ராத்திரி டிரிப்புல பாட்டு இல்லன்னா தூக்கம் வருது டீச்சர்" என்றும் சொன்னார். தூக்கம் வந்தால் பாட்டு மருந்து ஆகாது, வண்டியை ஓரம் கட்டு என்று முதலில் கண்டித்துவிட்டுத்தான் மற்றதைப் பேசினேன்.

என் அண்ணன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தது உறவுகளுக்குத் தெரியும். அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டதும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தப் பதிவு. இது கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கார் ரேடியோ ஊமையாகும் காரணம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த வரிசை தெரிந்தால், உங்கள் காரில் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரியும்.

1. வால்வு காலம்: பெட்டிக்குள் ஒரு மணி

அமெரிக்காவில் சிகாகோ நகரில் பால் கால்வின், அவர் தம்பி ஜோசப் கால்வின் இருவரும் 1928-இல் ஒரு சிறு கம்பெனி தொடங்கினார்கள். மறு வருடமே பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. பிழைக்க வேறு வழி தேடியபோது கார் ரேடியோவைக் கையில் எடுத்தார்கள். 1930-இல் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மாநாடு நடந்தது. உள்ளே கடை போடப் பணம் இல்லாததால் கால்வின் தன் காரை வெளியே நிறுத்தி, ரேடியோவைச் சத்தமாக வைத்து, வருவோர் போவோரைக் கேட்க வைத்தார் என்று சொல்வார்கள். அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் 'மோட்டோரோலா'. பின்னாளில் கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஐரோப்பாவில் 1932-இல் ஜெர்மனியின் பிளாபுங்க்ட் தன் முதல் கார் ரேடியோவைக் கொண்டுவந்தது.

அன்று இரண்டு பெரிய தொல்லைகள் இருந்தன. ஒன்று, இரைச்சல். இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு தடவை பொறி தட்டும்போதும் அதுவே ஒரு ரேடியோ அலையைக் கிளப்பும். பாட்டுக்குப் பதில் 'கரகர' என்றுதான் கேட்கும். பிளக் ஒயரில் ரெசிஸ்டரும் டைனமோவில் கண்டென்சரும் போட்டு அதை அடக்கினார்கள்.

இரண்டாவது, மின்சாரம். அன்றைய கார் பேட்டரி 6 வோல்ட். ரேடியோ வால்வுக்கோ 200 வோல்ட் அளவில் வேண்டும். முதலில் தனியாக உலர் பேட்டரிகளைக் காரின் தரைக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். 1930-களின் முதல் பாதியில் 'வைப்ரேட்டர்' வந்தது. நம் பள்ளிக்கூடத்து மின்சார மணி போன்றதுதான். ஒரு சிறு தகடு நொடிக்கு நூறு தடவைக்கும் மேல் அதிர்ந்து, பேட்டரி மின்சாரத்தை விட்டு விட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும். அங்கே அது உயர்ந்த வோல்டேஜ் ஆகும்.

அதனால் அந்தக் காலத்தில் கார் ரேடியோ ஊமையானால் முதல் சந்தேகம் வைப்ரேட்டர் மேல்தான். அதன் முனைகள் தேய்ந்து கருகும், அல்லது ஒட்டிக்கொள்ளும். வால்வைப் போலவே அதையும் பிடுங்கி வேறு செருகலாம். ஆனால் நல்ல மெக்கானிக் அதோடு விடமாட்டார். கூடவே இருக்கும் 'பஃபர்' கண்டென்சரையும் மாற்றுவார். அது கெட்டிருந்தால் புது வைப்ரேட்டரும் சீக்கிரமே போய்விடும். செத்தது ஒன்று, கொன்றது வேறொன்று. வரலாற்றுப் பாடத்தில் உடனடிக் காரணம், அடிப்படைக் காரணம் என்று இரண்டு தலைப்பில் எழுதச் சொல்வேனே, அதேதான்.

2. டிரான்சிஸ்டர் காலம்: தலைகீழ் எர்த்து

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பார்டீன், பிராட்டெய்ன், ஷாக்லி மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய வருடமே, 1955-இல், ஃபில்கோ கம்பெனி முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவை கிரைஸ்லர் கார்களுக்குச் செய்துகொடுத்தது. விலை 150 டாலர். வைப்ரேட்டருக்கு வேலை போயிற்று. கார்களும் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன.

ஒரு தொல்லை போனால் இன்னொன்று வரும். டிரான்சிஸ்டருக்குப் பிளஸ், மைனஸ் மாறிப்போனால் ஆகாது. பல பிரிட்டிஷ் கார்களில் 1960-கள் வரை பேட்டரியின் பிளஸ் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருந்தது. மற்ற நாட்டுக் கார்கள் பலவற்றில் மைனஸ். இதைப் பார்க்காமல் ரேடியோவைப் பொருத்தினால் அதோடு முடிந்தது கதை. அதனால்தான் அன்றைய சில செட்டுகளில் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்சோ பிளக்கோ வைத்தார்கள்.

பின் இருக்கைக்கும் ஸ்பீக்கர் வந்தது. முன்னாலா பின்னாலா என்று சத்தத்தைப் பங்கிடும் 'ஃபேடர்' குமிழும் வந்தது. இன்றைக்கும் பல கார்களில் 'சத்தமே வரவில்லை' என்ற புகாருக்கு இதுவே காரணம். பின்னால் ஸ்பீக்கரே இல்லாத காரில், குழந்தை விளையாட்டாக ஃபேடரைப் பின்பக்கம் தள்ளியிருக்கும்.

3. கேசட் காலம்: நான்கு மடங்கு சத்தம், ஒரு நிபந்தனை

பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கேசட்டை அறிமுகம் செய்தது. காருக்கான கேசட் பிளேயர் 1968-இல் வந்தது. சென்னையில் வானொலியின் எஃப்.எம். ஒலிபரப்பு 1977-இல் தொடங்கியது. காருக்கான சி.டி. பிளேயர் 1984-இல் வந்தது. இவையெல்லாம் வர வர, மக்களுக்கு இன்னும் சத்தம் வேண்டியிருந்தது. ஆனால் கார் பேட்டரி அதே 12 வோல்ட்தான்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி மிக அழகானது. பழைய செட்டுகள் பலவற்றில் ஸ்பீக்கருக்கு ஒரு ஒயர்தான் செட்டிலிருந்து போகும். இன்னொரு முனையைக் காரின் உடம்பிலேயே இணைத்துவிடுவார்கள். புதிய முறையில் ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்ப்ளிஃபயர். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். கிணற்றுக் கயிறை இருவர் இரு பக்கமும் மாறி மாறி இழுப்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் இரண்டு மடங்கு. பவர் என்பது வோல்டேஜின் வர்க்கம் என்பதால், கணக்குப்படி நான்கு மடங்கு.

நிபந்தனை ஒன்றே ஒன்று. ஸ்பீக்கரின் இரண்டு ஒயரில் எதுவும் காரின் உடம்பில் படக்கூடாது. பட்டால் உள்ளே இருக்கும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிடும். லைட் எரியும், நம்பர் ஓடும், பாட்டு வராது. பழைய காரில் புது செட்டு மாட்டும்போது, அந்தப் பழைய 'பாடி எர்த்து' ஒயரை அப்படியே விட்டுவிட்டு, 'செட்டே சரியில்லை' என்று திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம்.

என் மாணவர் காரிலும் இதன் தம்பிதான். செட்டின் பின்னால் ஸ்பீக்கர் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நல்ல ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் நேராக இணைத்துப் பார்க்கச் சொன்னேன். பாட்டு வந்துவிட்டது! அப்படியென்றால் செட்டு நன்றாக இருக்கிறது. பிறகு ஒவ்வொரு கதவாகப் பார்த்ததில், டிரைவர் கதவின் கீல் பக்கம் உள்ள ரப்பர் குழாய்க்குள், கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி ஒயரின் மேலுறை தேய்ந்து தகரத்தில் பட்டிருந்தது. செலவு: ஒரு முழம் ஒயர், கொஞ்சம் டேப்.

4. திருட்டுக் காலமும் போன் காலமும்

1980-களில் வெளிநாடுகளில் கார் ஸ்டீரியோ திருட்டு பெருகியது. அதற்காக ரகசிய எண் கேட்கும் செட்டுகள் வந்தன. மின்சாரம் ஒருமுறை துண்டிக்கப்பட்டால் எண்ணைப் போடும் வரை பாடாது. இன்றும் பழைய கார் வாங்கியவர்கள் பேட்டரி மாற்றியதும் திகைத்து நிற்பது இதனால்தான். எண் எழுதிய அட்டை காரின் கையேட்டோடு இருக்கும். தெரியாமல் பலமுறை தவறாகப் போட்டால் பூட்டிக்கொண்டு காக்க வைக்கும் செட்டுகளும் உண்டு.

கார் டெலிபோன் வந்தபோது, அழைப்பு வந்தால் பாட்டை நிறுத்த ஒரு தனி ஒயர் சேர்த்தார்கள். பல செட்டுகளில் அது பழுப்பு நிறம். காரில் அப்படி ஒரு போன் இல்லாமலே இருக்கலாம். ஆனால் அந்த ஒயரின் நுனி எங்காவது தகரத்தில் பட்டால், 'போன் வந்திருக்கிறது' என்று நினைத்து செட்டு வாயை மூடிக்கொள்ளும்.

2001-இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் காரில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், போன் எல்லாவற்றையும் ஒளியிழை வளையம் ஒன்றில் கோத்தார்கள். வளையத்தில் ஒரு கருவி செத்தாலும் மற்றவையும் ஊமையாகலாம். இங்கே வந்ததும் ஸ்குரு டிரைவர் வைத்திருந்த மெக்கானிக் விலகி நிற்க, கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் கையில் வேலை போய்விட்டது.

இனி, வரிசை

கடைக்குப் போகும் முன் இப்படிப் பாருங்கள்.

லைட்டே எரியவில்லையா? காரின் ஃபியூஸ், செட்டின் பின்னால் உள்ள ஃபியூஸ் இரண்டையும் பாருங்கள். கடையில் தனியாக வாங்கும் செட்டுகளில் வழக்கமாக மஞ்சள் ஒயர் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட், கறுப்பு எர்த்து.

லைட் எரிந்து சத்தம் இல்லையா? மியூட், ஃபேடர், ரேடியோவா புளூடூத்தா யு.எஸ்.பி.யா என்ற தேர்வு. இவற்றுக்குக் காசு செலவில்லை. ரகசிய எண் கேட்கிறதா என்றும் பாருங்கள்.

தனி ஆம்ப்ளிஃபயர் இருந்தால், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒயரில் 12 வோல்ட் வருகிறதா, பேட்டரி அருகே உள்ள ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா?

பிறகு பழுப்பு ஒயர். அடுத்து நான் சொன்ன ஒற்றை ஸ்பீக்கர் சோதனை. சந்தேகமான ஸ்பீக்கரைச் செட்டிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டு எடுங்கள். 'டப்' என்றால் உயிர் இருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் 3-க்கும் 4-க்கும் இடையே காட்டும்.

மூன்று எச்சரிக்கை. செட்டைக் கழற்றும் முன் பேட்டரியின் மைனஸ் டெர்மினலை எடுங்கள், ஆனால் அதற்கு முன் ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் ஒயர்களைத் தொடாதீர்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். ஒயர்த் துண்டையோ சிகரெட் பெட்டித் தாளையோ சுற்றிப் போடாதீர்கள். உருக வேண்டியது ஃபியூஸ். அது உருகாவிட்டால் ஒயர் உருகும், பிறகு கார் எரியும்.

நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றி மட்டும் அல்ல. 'போச்சு, புதுசு வாங்கு' என்ற வார்த்தையை ஃபிரிட்ஜுக்கும் மிக்சிக்கும் மோட்டாருக்கும் தினமும் கேட்கிறோம். சில நேரம் அது உண்மை. பல நேரம் சொல்பவர் திறந்தே பார்த்திருக்க மாட்டார். அவரைத் திட்ட வேண்டாம். 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள். ஆறாம் வகுப்பில் நான் உங்களிடம் கேட்ட அதே கேள்விதான்.

உங்களில் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர்கள் பலர் உண்டு. உங்கள் அனுபவத்தில் கண்ட வேறு காரணங்களைக் கீழே எழுதுங்கள். மற்ற பிள்ளைகளுக்குப் பயன்படும்.

எல்லோரும் நலமாக இருங்கள். வண்டியை நிதானமாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்