முதல் உலகப் போரும் கையால் பின்னிய காலுறையும்

முதல் உலகப் போரில் (1914–1918) மேற்குப் போர்முனையின் பதுங்குகுழிகளில் சேறும் குளிர்நீரும் தேங்கின. ஈரக் காலணியோடு நாட்கணக்கில் நின்ற வீரர்களின் பாதங்கள் மரத்து, வீங்கி, அழுகின. ‘பதுங்குகுழிப் பாதம்’ எனப்பட்ட இந்நோய் முற்றினால் விரல்களையோ பாதத்தையோ வெட்டி அகற்ற நேர்ந்தது. இதைத் தடுக்க, நாள்தோறும் பாதங்களைத் துடைத்து, திமிங்கில எண்ணெய் பூசி, உலர்ந்த காலுறை அணியும்படி பிரித்தானியப் படை ஆணையிட்டது. காலுறைத் தேவை பெருகியது.

பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பின்னல் பழகினர். காலுறை நான்கைந்து ஊசிகளில் மேல்விளிம்பிலிருந்து வட்டமாகப் பின்னப்பட்டது. புதியவர்களுக்குக் குதிகாலை வளைத்துப் பின்னுவதே கடினம். விரல்முனையில் தையல் புடைத்தால் நெடுநடையில் பாதம் புண்ணாகும். மேடு தெரியாமல் அதை இணைக்கும் முறை, அன்றைய போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயரால் ‘கிச்சனர் தையல்’ என இன்றும் வழங்குகிறது.