மஞ்சளுக்கு யார் சாட்சி?

காயத்தில் மஞ்சளை அரைத்துப் பூசுவது, நம் இல்லங்களில் தாய் மகளுக்குக் கைமாற்றி வந்த மருத்துவம். ஆயினும் 1995-ஆம் ஆண்டு, மஞ்சளால் புண் ஆற்றும் முறையைப் புதிய கண்டுபிடிப்பு என ஏற்று, மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திற்கு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் உரிமை வழங்கியது.

1996-இல் இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து மனுச் செய்தது. இடர் ஒன்று குறுக்கே நின்றது. அந்நாளைய அமெரிக்கச் சட்டப்படி, அயல்நாட்டு மக்களின் வழக்கம் சான்றாகாது. அச்சில் வந்த ஆதாரமே வேண்டும். கோடிப் பாட்டிமார் கூடிச் சொன்னாலும் செல்லாது! எனவே சமஸ்கிருத, உருது, இந்தி நூல்களும், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளியான கட்டுரையுமாக 32 சான்றுகள் முன்வைக்கப்பட்டன. 1997-இல் அவ்வுரிமை செல்லாதென முடிவாயிற்று.

இவ்வனுபவம் தந்த பாடத்தால், 2001-இல் மரபறிவு மின்னூலகப் பணி தொடங்கியது. சித்த மருத்துவ நூல்களும் அதில் இடம்பெற்றன.

ஏட்டில் ஏறியது சாட்சியாயிற்று. நாவில் மட்டும் நின்றது ஊமையாயிற்று. சுக்கு, மிளகு, ஓமத்தின் பக்குவம் அறிந்த மூதாட்டியர் இன்னும் நம்மிடையே உளர். குறிப்பேட்டுடன் அவர்கள் அருகே அமர்வது நம் கடன் அன்றோ?