பன்னிரண்டு நாள் கணக்கு

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று சொல்வோம். சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது கருப்பையில், பிள்ளை வரும் என்பதே அதன் பொருள் என்று சொல்பவர்களும் உண்டு. என் அம்மா அந்தக் கட்சி. எனக்குக் கல்யாணம் ஆனது 1976இல். அதிலிருந்து ஐந்து வருஷம் என் மனைவி சிதம்பரத்தில் சஷ்டி தவறாமல் பட்டினி கிடந்தாள். எனக்கு வேலை கள்ளக்குறிச்சியில். அப்போது அதுவும் நம் தென்னார்க்காடு மாவட்டம்தான். மாதம் இரண்டு முறை சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவேன். "பையன் என்ன பண்ணுவான், குறை அவளிடம்தான்" என்று வீட்டில் பேச்சு. நானும் வாயைத் திறக்கவில்லை. அதை இன்று எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் தமிழாசிரியர் நண்பர் ஒருவர் தொல்காப்பியக் கற்பியலில் ஒரு நூற்பாவைக் காட்டினார். கணவன் பரத்தை வீடே கதியென்று கிடந்தாலும், மனைவி பூப்பெய்திய பின் பன்னிரண்டு நாள் அவளைப் பிரிந்திருப்பது அறமல்ல என்கிறது அது. பூப்பு என்பது இங்கே மாதவிலக்கு. கருத்தரிக்கும் காலம் அது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். பரத்தை வீட்டுக்குப் போனவனுக்கே இந்தக் கட்டளை என்றால், கள்ளக்குறிச்சிக்குப் போனவனுக்கு? நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். பாஸ்தரை எதிர்த்து, உயிர் தானாகவே தோன்றும் என்று வாதாடித் தோற்ற பூஷே என்பவரைப் பற்றி எங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அதே பூஷே கருமுட்டை பற்றி 1847இல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. முட்டை மாதந்தோறும் தானாகவே வெளிப்படுகிறது என்றார். அது சரி. ஆனால் அது மாதவிலக்கை ஒட்டியே நடக்கிறது என்று நினைத்தார். தப்பு அவர் ஒருவருடையதல்ல. பாலூட்டிகளின் கருமுட்டையை ஃபான் பேர் முதன்முதலில் 1827இல் கண்டது ஒரு நாயின் உடலில். நாய்க்குப் பருவம் வரும்போது இரத்தம் படும், அதையொட்டி அது இணை சேரும். பெண்ணின் மாதவிலக்கையும் அப்படியே எண்ணிவிட்டார்கள். அதனால் மாதத்தின் நடுநாட்களில் கரு தங்காது என்று ஐரோப்பிய வைத்தியர்கள் ஏறக்குறைய எண்பது வருஷம் சொல்லி வந்தார்கள். பிள்ளை வேண்டாதவர்களுக்கும் வேண்டுபவர்களுக்கும் ஒரே சமயத்தில் தவறான நாள்! நம் பன்னிரண்டு நாள் கணக்கு அதைவிட மேல். தீட்டு நாள் மூன்றைத் தள்ளி எண்ணினால் நான்கு முதல் பதினைந்து வரை வருகிறது.

கணக்கைத் திருத்தியவர்கள் இருவர். ஜப்பானில் நீகாத்தா நகர மருத்துவமனையில் இருந்த ஓகினோ 1924இல் எழுதினார். வயிற்றில் அறுவை சிகிச்சை செய்யும்போதெல்லாம் சினைப்பையைக் கவனித்து, அந்தப் பெண்ணின் விலக்கு நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் அவர். ஆஸ்திரியாக்காரரான க்னாஸ் சில வருஷம் கழித்துத் தனி வழியில் அதே இடத்துக்கு வந்தார். அவர்கள் கண்டது இதுதான்: கடந்த விலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணாதே, வரப்போகும் விலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணு. முட்டை வெளிப்படுவது அதற்கு ஏறக்குறைய பதினான்கு நாள் முன்பு. முட்டைக்கு ஆயுள் ஒரு நாள்கூட நிறையாது. ஆணின் விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். ஆக, முட்டை வெளிப்படும் நாளையும் சேர்த்து ஆறு நாள்தான் வாய்ப்பு. 1995இல் அமெரிக்காவில் 221 பெண்களை வைத்து நடந்த ஆய்வும் இதையே உறுதி செய்தது.

இதே கணக்கை, பிள்ளையைத் தள்ளிப்போடுவதற்காக, 1950களின் தொடக்கத்தில் பெங்களூர்ப் பக்கம் ராமநகரத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாளுக்கு ஒன்றாக நகர்த்தும்படி நிற மணிமாலை கொடுத்தார்கள். மாலையைக் கழுத்தில் போட்டாலே போதும் என்று சிலர் நம்பியதாகச் சொல்வார்கள். சுற்று ஆளுக்கு ஆள் மாறும்போது ஒரே மாலை எல்லோருக்கும் எப்படிப் பொருந்தும்?

எங்கள் வீட்டுக் கோளாறும் அதுதான். 1981இல் கடலூரில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். முதலில் என்னைப் பரிசோதனைக்கு அனுப்பினார். அம்மாவுக்கு அது பெரிய அவமானம். அதில் குறையில்லை என்று தெரிந்ததும் மனைவியிடம், "விலக்கான தேதியெல்லாம் எழுதி வச்சிருக்கியாம்மா?" என்றார். தினசரி காலண்டர் தாள்களை நூலில் கோத்து வைத்திருந்தாள் அவள். டாக்டர் எண்ணிப் பார்த்தார். முப்பத்தைந்து நாள் சுற்று.

"பத்திரிகையில பதினாலாம் நாள்னு போட்டிருந்துச்சு டாக்டர்."

"அது இருபத்தெட்டு நாள்காரங்களுக்கு. உனக்கு இருபத்தொண்ணு."

தொல்காப்பியர் கணக்கும் அவளுக்கு ஆறு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டது. பதினாறிலிருந்து இருபத்தொன்றுக்குள் என் சனி ஞாயிறு விழுந்தது அபூர்வம். விழுந்த ஒன்றிரண்டு முறையும் ஆடி மாதம் என்று அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சித்திரை வெயிலில் பிரசவம் கூடாதாம்.

டாக்டர் வேறு மருந்து எதுவும் எழுதவில்லை. என்னைப் பார்த்து, "லீவு கிடைக்குமா?" என்றார். மூன்று மாதம், மாதத்துக்கு மூன்று நாள், மனைவி கடிதத்தில் குறித்து அனுப்பிய தேதிகளுக்குத் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை'. மூன்றாவது விண்ணப்பத்தை வாங்கிய தலைமை எழுத்தர் கண்ணாடியை இறக்கி, "அப்படி என்னய்யா ஓயாத சொந்த வேலை?" என்றார். பெரியவள் 1982இல் பிறந்தபோது அவருக்குத்தான் முதலில் சர்க்கரை கொடுத்தேன்.