விலை குறைந்த பெட்டியும் விடப்பட்ட பாகமும்

பழைய வால்வு வானொலி ஒன்றை வாங்கிச் சிற்றலை கேட்க வேண்டும் என்னும் ஆவல் இன்றும் சிலருக்கு இருக்கிறது. கைப்பொருள் அதிகம் செலவிட இயலாதவர்கள் பெரும்பாலும் முதலில் கண்ணுறுவது ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38 என்னும் சிறிய உலோகப் பெட்டியைத்தான். அமெரிக்காவின் சிகாகோ நகரில் வில்லியம் ஹாலிகன் நிறுவிய தொழிலகம் அதனை 1946-இல் வெளியிட்டது. அரைவட்ட வடிவான இரு அலைகாட்டிகளோடு கூடிய அதன் தோற்றத்தை அமைத்தவர் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி. விலை ஐம்பது டாலருக்கும் குறைவு. 540 கிலோஹெர்ட்ஸ் முதல் 32 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது மத்திய அலையும் ஏறத்தாழச் சிற்றலை முழுவதும், நான்கு பிரிவுகளில் அடங்கின. பள்ளிச் சிறுவர் பலர் உலகின் குரலை முதன்முதல் கேட்டது இதன் வழியாகவே.

இவ்வளவு மலிவாக எப்படித் தர முடிந்தது? விலையும் எடையும் மிகுந்த மின்மாற்றியை விட்டுவிட்டார்கள். கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி நாம் தொடுத்த பழைய சீரியல் விளக்குகளை நினைத்துக்கொள்ளலாம். அதுபோலவே ஆறு வால்வுகளின் சூடேற்றும் இழைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டன. பன்னிரண்டு வோல்ட்டு வால்வுகள் நான்கு, முப்பத்தைந்து வோல்ட்டு வால்வுகள் இரண்டு, கூட்டினால் 118. அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்கு அது ஏறக்குறையப் பொருந்திவிட்டது. ஓர் இழை அறுந்தால் ஆறும் அணையும் என்பது சிறு குறை. மின்கம்பியின் நேரடித் தொடர்பு உள்ளிருக்கும் சேசிஸுக்கு வந்துவிடக்கூடும் என்பதே பெருங்குறை. வெளிப்பெட்டியையும் சேசிஸையும் பிரித்து வைத்தவை சில வாஷர்கள் மட்டுமே.

விலையைக் குறைக்க ஒன்றை விட்டுவிடுவது வணிகருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1933 ஆகஸ்டில், ஜெர்மனியின் நாசி அரசு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் 'மக்கள் வானொலி' என்ற பெட்டியை அறிமுகப்படுத்தியது. அதன் பெயரிலுள்ள 301 என்னும் எண், ஹிட்லர் பதவியேற்ற சனவரி 30-ஆம் நாளைக் குறித்தது. விலை 76 மார்க். 1938-இல் இன்னும் சிறிய பெட்டி 35 மார்க்குக்கே வந்தது. மக்கள் அதனைக் 'கோயபல்ஸின் மூஞ்சி' என்று கேலி பேசினர். 1933-இன் பெட்டியில் மத்திய அலை இருந்தது, நெட்டலை இருந்தது, சிற்றலை இல்லை. சிக்கனத்துக்காக விட்டார்களா, சூழ்ச்சியாக விட்டார்களா என்று வாதிடலாம். நல்ல ஏரியல் கட்டினால் இரவில் அதிலும் அயல்நாட்டு நிலையங்கள் சில கேட்கவே செய்தன. ஆகவே 1939 செப்டம்பர் 1-ஆம் நாள், போர் தொடங்கிய அன்றே, வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது குற்றம் என்று ஆணை பிறந்தது. கேட்டதைப் பிறருக்குப் பரப்புவோருக்கு மரண தண்டனையும் விதிக்கலாம் என்றாயிற்று. மார்க்கோனி அமைத்துக் கொடுக்க 1931-இல் தொடங்கிய வத்திக்கான் வானொலி, போலந்து மக்கள் பட்ட கொடுமைகளை 1940 சனவரியில் உலகறியச் செய்தபோது, அதைக் கேட்பதும் ஜெர்மானியருக்குக் குற்றமாகவே இருந்தது.

ஹாம்பர்க் நகரில் அரசு அலுவலகப் பயிற்சியாளனாக இருந்த ஹெல்முத் ஹூபனர் என்னும் இளைஞனுக்குச் சிற்றலைப் பெட்டி ஒன்று கிடைத்தது. அண்ணன் பிரான்சிலிருந்து கொணர்ந்தது. இரவில் இலண்டன் செய்தியைத் தாழ்ந்த ஒலியில் கேட்டு, தன் நாட்டு அறிக்கைகளோடு ஒப்பிட்டுத் துண்டறிக்கைகள் எழுதி, நண்பர்களோடு சேர்ந்து பரப்பினான். 1942 பிப்ரவரியில் கைதானான். அக்டோபர் 27-ஆம் நாள் பெர்லினின் புளோட்சன்சே சிறையில் அவன் தலை வெட்டப்பட்டது. வயது பதினேழு. ஒரு பெட்டியில் எந்த அலைவரிசை இருக்கிறது என்பது வெறும் வசதியைப் பற்றிய கேள்வியன்று என்பதை இவனைவிடத் தெளிவாக யார் உணர்த்த முடியும்?

ஆகவே பழைய பெட்டி வாங்கப் போகிறவர், அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், எது விடப்பட்டிருக்கிறது என்றும் கேட்பது நன்று. எஸ்-38-இல் விடப்பட்டது மின்மாற்றி மட்டுமன்று. ஏரியலிலிருந்து வரும் அலையை முதலில் வடித்துப் பெருக்கும் வால்வும் இல்லை. அதனால் வலுவான நிலையம் ஒன்று தன் இடத்தில் கேட்பதோடு, 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னோரிடத்திலும் கேட்கும். புதிய நிலையம் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்து ஏமாந்தோர் பலர். அதே 1946-இல் அதே தொழிலகம் ஏறக்குறைய எண்பது டாலருக்கு விற்ற எஸ்-40-இல் ஒன்பது வால்வுகளோடு இவ்விரண்டும் இருந்தன. சற்றே கூடுதலாகக் கொடுக்க முடியுமானால் நாம் அதையே பரிந்துரைப்போம்.

எஸ்-38-தான் கைக்கெட்டுகிறது என்றால், நம் நாட்டு 230 வோல்ட்டில் அதனை நேரே சொருகலாகாது. கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டெப்-டவுன் பெட்டி பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர். அது வோல்ட்டைக் குறைக்குமேயன்றி ஆபத்தைப் பிரிக்காது. இரு சுற்றுகளும் தனித்தனியான ஐசொலேஷன் மின்மாற்றி வேண்டும். பழைய வாஷர்கள் இறுகிப் பொடிந்திருக்கும்; அவற்றை மாற்ற வேண்டும். காகிதக் கண்டென்சர்கள் அனைத்தும் கசியத் தொடங்கியிருக்கும் என்றே கொள்ளலாம். அவற்றையும் பில்டர் கண்டென்சரையும் மாற்றாமல் மின்சாரம் கொடுக்கலாகாது. வேலை தெரிந்தவர் முதல் முறை தொடரில் ஒரு குண்டு பல்பை இணைத்தே சோதிப்பார். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ பழுது.

பிறகு பத்துப் பதினைந்து மீட்டர் கம்பியை மாடியில் கட்டி, கதிரவன் சாய்ந்தபின் அமரலாம். முன்போல் நிலையங்கள் இல்லை. பல நாடுகள் சிற்றலையைக் கைவிட்டுவிட்டன. ஆயினும் 31 மீட்டர் பக்கம் இன்னும் குரல்கள் உண்டு. வால்வுகள் நன்கு சூடேறும் வரை நிலையம் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். முதல் அரைமணி நேரம் திருகிலிருந்து கையை எடுக்க இயலாது.