பழைய எஞ்சினும் அதன் மூச்சும்

மோட்டார்க் காரின் எஞ்சினுக்கு உயிர்நிலை எது என்று வினவினால், பெற்றோல் என்று சிலரும் தீப்பொறி என்று வேறு சிலரும் விடை கூறுவர். ஆயின், இவ்விரண்டும் குறைவின்றி இருந்தும் ஓட மறுக்கும் எஞ்சின்கள் உண்டு. உருளையினுட் புகுந்த காற்றும் எரிபொருளாவியும் இறுக நெருக்கப்படாவிடின், தீப்பொறி பட்டும் பயன் இல்லை. இந்நெருக்கலையே கராஜ்களிற் ‘கொம்பிறஷன்’ என்பர். அது குறைந்த எஞ்சின் காலையில் எளிதில் உயிர்பெறாது, ஏற்றத்தில் இளைக்கும், எரிபொருளை வீணே குடிக்கும்.

நெருக்கலின் அருமையை மனிதன் தொடக்கத்திலேயே அறிந்திருந்தான் அல்லன். 1860ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் லெனுவா என்பார் ஆக்கிய எஞ்சின், வாயுவை நெருக்காமலே எரித்தது. அதனால் மிகுந்த வாயுவை உண்டு சிறிதளவு வேலையே செய்தது. எரிப்பதற்கு முன் கலவையை நெருக்குதல் வேண்டும் என்பதை 1862ஆம் ஆண்டிற் போ த றோஷா என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் எழுத்தில் விளக்கினார். 1876ஆம் ஆண்டில் ஜேர்மனியரான ஒற்றோ, உள்ளிழுத்தல், நெருக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கடி முறையில் எஞ்சினை இயக்கிக் காட்டினார். இன்றைய பெற்றோல் எஞ்சின்களின் முன்னோடி அதுவே.

எனினும், நெருக்கலுக்கும் ஓர் எல்லை உண்டு. தரங்குறைந்த எரிபொருளை அளவுக்கு மீறி நெருக்கினால், அது முறைதவறி வெடித்து எஞ்சினைத் தட்டும். இரண்டாம் உலகப் போரின் பின்னர் 1953 வரை பிரித்தானியாவில் தரங்குறைந்த பெற்றோலே பொதுவாகக் கிடைத்தது. அக்காலத்து ஒஸ்ரின் ஏ-40 சொமசெற் போன்ற கார்களில், கலவை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு இடத்துள்ளேயே அடக்கப்பட்டது. அன்று குறைபாடு போலத் தோன்றிய இவ்வமைப்பு, பல்லாண்டுகளின் பின்னர் யாழ்ப்பாணத்தில் வரமாயிற்று.

1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குப் பெற்றோல் செல்வது தடைப்பட்டது. அங்கு வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின. சிறிது பெற்றோலை ஊட்டி எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவதே வழக்கம். இம்முறை முற்றிலும் புதியதன்று. 1949 முதல் வந்த பெர்குசன் உழவு இயந்திர வகையொன்றும் பெற்றோலில் உயிர்பெற்று, பின் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எரிபொருளில் ஓடியது. ஆனால் அதற்கென்றே அதன் நெருக்கல் தாழ்வாக அமைக்கப்பட்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஓடிய கார்களோ அவ்வாறு அமைக்கப்பட்டவை அல்ல. நெருக்கல் இயல்பாகவே தாழ்ந்திருந்தமையாற் பிழைத்துக்கொண்டன.

பிழைத்தவை விலையுங் கொடுத்தன. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆவியாகாத துளிகள் உருளைச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடித்தட்டிலுள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்தன. பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்தன; கரி படிந்த வால்வுகள் இறுக மூடவில்லை. இவ்வாறு, அமைப்பிலேயே தாழ்ந்திருந்த நெருக்கல் தேய்வினால் மேலும் தாழ்ந்தது. முன்னையது காரைக் காத்தது. பின்னையது அதனை நிறுத்தியது.

உதிரிப்பாகங்கள் அரிதாயிருந்த அந்நாளில், எஞ்சினை வீணே பிரித்தல் பெருநட்டம். ஆதலின் பழுது எங்கே என்பதைப் பிரிக்குமுன் அறிதல் இன்றியமையாததாயிற்று. அதற்குரிய சோதனைகள் பழையவை. கருவி மிகுதியும் வேண்டாதவை. முன்புறத்திற் கைப்பிடியை இட்டு மெல்லச் சுழற்றினால், ஒவ்வோர் உருளையின் எதிர்ப்பும் கையிலே தெரியும். ஒரு சுற்றில் மட்டும் கை இலகுவாக நழுவினால், பழுது அங்கே. அளவுமானி இருப்பின், சூடான எஞ்சினின் பிளக்குகள் யாவற்றையுங் கழற்றி, காற்று வாயிலை முழுதாகத் திறந்து, உருளை உருளையாக அளத்தல் வேண்டும். எண்ணின் பெருமையைவிட உருளைகளிடையே உள்ள வேறுபாடே கவனிக்கத்தக்கது.

அடுத்து, குறைந்த உருளையினுள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளப்பர். அமுக்கம் உயர்ந்தால், தேய்ந்த வளையங்களின் இடைவெளியை ஒயில் அடைத்தது என்பது பொருள். உயராவிடின் குற்றம் பெரும்பாலும் வால்வினுடையது. வளையத்திற் கைவைக்க வேண்டியதில்லை, வால்வைத் தேய்த்துப் பொருத்தினாற் போதும். அடுத்தடுத்த இரண்டு உருளைகள் ஒருங்கே குறைந்திருந்தால், அவற்றினிடையே தலைக் காஸ்கெற் எரிந்திருத்தல் கூடும்.

2002ஆம் ஆண்டிற் கண்டி வீதி திறக்கப்பட்டது. பெற்றோல் தாராளமாக வந்தது. அதன் பின்னரும் அந்த முதிய கார்கள் பல யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடின. அவற்றை ஓடச் செய்தது உலோகத்தின் உறுதி மாத்திரமன்று. ஒரு கரண்டி ஒயிலைக்கொண்டு நோயின் இடத்தை அறிந்த தொழிலாளரின் பொறுமையும் அதிற் பாதி எனலாம்.