லண்டனுக்குக் காரில் போகிறீர்களா? வண்டியை எங்கே நிறுத்துவது

லண்டனில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்று சுற்றிவருவது சிங்கப்பூர், மலேசியக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழகிப்போன ஒன்று. இங்கு போலவே அங்கும் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் தயக்கம் அதிகமில்லை. வண்டியை லண்டனுக்குள் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பயணம் முடிந்து, ஊர் திரும்பி, படங்களைக்கூடப் பகிர்ந்து முடித்த பிறகு கடன் அட்டையிலிருந்து ஒரு பெருந்தொகை பிடிக்கப்படலாம். அதைத் தவிர்க்க, புறப்படும் முன்பே சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு தனித்தனிக் கட்டணங்கள்

நகர மையத்தில் நெரிசல் கட்டணம் நடப்பில் உள்ளது. சிங்கப்பூர் 1975ல் வட்டார உரிம முறையையும் 1998ல் ஈஆர்பி முறையையும் கொண்டுவந்தது. லண்டனில் இத்தகைய கட்டணம் 2003 பிப்ரவரி 17ல் தொடங்கியது. வார நாள்களில் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரையிலும், சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் நண்பகல் முதல் மாலை 6 மணி வரையிலும் இது பொருந்தும். 2026 ஜனவரி 2 முதல் ஒரு நாளுக்கு 18 பவுண்டு. ஒருமுறை கட்டினால் அன்று எத்தனை முறையும் போய்வரலாம்.

இரண்டாவது, மிகக் குறைந்த புகை வெளியேற்ற மண்டலம். ‘யூலெஸ்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. புகைத் தரத்தை எட்டாத வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண்டு. பெட்ரோல் கார் யூரோ 4 தரத்தையும், டீசல் கார் யூரோ 6 தரத்தையும் எட்டியிருக்க வேண்டும். வாடகைக் கார்கள் பெரும்பாலும் புதியவை என்பதால் இதில் கவலை குறைவு. உறவினரின் பழைய டீசல் காரை இரவல் வாங்குவோர்தான் கவனிக்க வேண்டும். வண்டியின் எண்ணை லண்டன் போக்குவரத்து அமைப்பான டிஎஃப்எல்லின் இணையத்தளத்தில் உள்ளிட்டால் விடை தெரிந்துவிடும்.

டிசம்பர் விடுமுறையில் செல்வோருக்கு ஒரு குறிப்பு. நெரிசல் கட்டணம் கிறிஸ்துமஸ் நாள் முதல் புத்தாண்டு விடுமுறை வரை வசூலிக்கப்படுவதில்லை. யூலெஸ் கட்டணத்துக்குக் கிறிஸ்துமஸ் அன்று மட்டுமே விலக்கு.

கருவியும் இல்லை, ‘பீப்’ ஒலியும் இல்லை

ஈஆர்பிக்குப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். காரில் கட்டணக் கருவி எதுவும் இருக்காது. சாலையில் சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளை நிற ‘சி’ எழுத்து தெரிந்தால், நெரிசல் கட்டணப் பகுதிக்குள் நுழைகிறீர்கள் என்று பொருள். கேமராக்கள் வண்டி எண்ணைப் படம்பிடித்துவிடும். பணத்தை ஓட்டுநர்தான் இணையத்தில் தாமாகக் கட்ட வேண்டும்.

பயணம் செய்த நாளுக்குப் பிந்திய மூன்றாம் நாள் நள்ளிரவு வரை அவகாசம் உண்டு. நெரிசல் கட்டணத்தை அன்றே கட்டிவிட்டால் தொகை குறைவு. வண்டி எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் கட்டாததற்கே சமம்.

தவறினால் அபராதம் 180 பவுண்டு. 14 நாள்களுக்குள் கட்டினால் 90 பவுண்டு. வாடகைக் காராக இருந்தால் அபராதக் கடிதம் முதலில் கார் நிறுவனத்துக்குப் போகும். அது உங்களிடம் வந்துசேர்வதற்குள் பாதித்தொகைச் சலுகைக்கான காலம் கடந்துவிடக்கூடும். நிறுவனத்தின் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

விளிம்பில் நிறுத்தி ரயில் ஏறுங்கள்

லண்டனின் ஓரங்களில் உள்ள பல ரயில் நிலையங்களில் கட்டண வாகன நிறுத்துமிடங்கள் உள்ளன. எந்தத் திசையிலிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுக்கலாம்.

வடகிழக்கிலிருந்து, கேம்பிரிட்ஜ் பக்கமாக எம்11 விரைவுச்சாலையில் வருவோருக்கு எப்பிங் வசதி. சென்ட்ரல் ரயில் தடத்தின் கடைசி நிலையம் அது. எசெக்ஸ் வட்டாரத்தில் இருப்பதால் யூலெஸ் எல்லைக்கு வெளியே உள்ளது. மத்திய லண்டனுக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம்.

ஆக்ஸ்ஃபர்ட் பக்கமிருந்து எம்40, ஏ40 சாலைகளில் வருவோர் ஹில்லிங்டனில் நிறுத்தலாம். வடமேற்கிலிருந்து வருவோருக்கு ஜூப்லி தடத்தின் ஸ்டேன்மோர் உள்ளது. ஆனால் வெம்பிளி அரங்கில் காற்பந்தோ இசை நிகழ்ச்சியோ நடக்கும் நாளில் இந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

தென்கிழக்கில், கென்ட் வட்டாரத்திலிருந்து வருவோருக்கு எப்ஸ்ஃபிளீட் இன்டர்நேஷனல் நிலையம். அதிவேக ரயிலில் ஏறினால் சுமார் இருபது நிமிடங்களில் செயின்ட் பாங்க்ரஸ். ரயில் கட்டணம் சற்று அதிகம், நேரம் மிச்சம்.

நிலைய நிறுத்துமிடங்கள் பலவும் ஒரு நாள் பயணிகளுக்கானவை. இரவு தங்கும் திட்டமிருந்தால் விதிகளையும், அவ்விடம் திறந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே இணையத்தில் சரிபார்க்க வேண்டும். பைகளை வெளியே தெரியும்படி காரில் விட்டுச்செல்ல வேண்டாம்.

ரயிலில் ஆளுக்கொரு வங்கி அட்டையைத் தட்டிச் செல்லலாம். ஒரே அட்டையை இருவர் பயன்படுத்த முடியாது. சுரங்க ரயிலில் 11 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் வரை ஒரு பெரியவருடன் இலவசமாகப் பயணம் செய்யலாம்.

உறவினர் வீட்டு வாசலில்

ஈஸ்ட் ஹாம், வெம்பிளி போன்ற தமிழர் வாழும் வட்டாரங்களுக்குச் செல்வோர், வீட்டு வாசலில் இடம் காலியாக இருக்கிறதே என்று நிறுத்திவிடக்கூடாது. பல தெருக்கள் குடியிருப்பாளர் அனுமதி உள்ளவர்களுக்கானவை. விருந்தினருக்கான அனுமதியை வீட்டுக்காரர்தான் தம் நகர மன்றத்திடம் பெற முடியும். புறப்படும் முன்பே அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். லண்டனில் 32 வட்டாரங்களும் சிட்டி ஆஃப் லண்டனும் தனித்தனியே விதிகளை வகுக்கின்றன. ஒரு தெருவில் சரியானது அடுத்த தெருவில் தவறாகலாம்.

சாலையோரம் இரட்டை மஞ்சள் கோடு இருந்தால் எந்நேரமும் நிறுத்தக்கூடாது. ஒற்றை மஞ்சள் கோட்டுக்கான நேரம் அருகிலுள்ள பலகையில் இருக்கும். பலகை இல்லையென்றால் தடையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். அந்தப் பேட்டைக்குள் நுழையும் இடத்தில் உள்ள பலகையின் நேரமே பொருந்தக்கூடும். இரட்டைச் சிவப்புக் கோடு இருந்தால் பாட்டியை இறக்கிவிடக்கூட நிற்க முடியாது. நடைபாதைமீது சக்கரத்தை ஏற்றி நிறுத்துவதற்கும் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை உண்டு. அனுமதிக்கும் பலகை இருக்கும் இடங்கள் மட்டுமே விதிவிலக்கு.

மையத்தில் நிறுத்தியே ஆகவேண்டும் என்றால், இணையத்தில் முன்பதிவு செய்யக்கூடிய அடுக்குமாடி நிறுத்துமிடங்கள் உள்ளன. தங்கள் வீட்டு முற்றத்தை வாடகைக்கு விடுவோரைக் கண்டறிய ஜஸ்ட்பார்க் போன்ற செயலிகள் உதவும்.

காரே இல்லாத நாள்கள்

எல்லாவற்றையும்விட எளிய வழி, பயணத்தின் வரிசையை மாற்றிக்கொள்வது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து எலிசபெத் தடமும் பிக்கடிலி தடமும் நேராக நகருக்குள் செல்கின்றன. லண்டனைப் பார்த்து முடித்த பிறகு, வெளியூர் புறப்படும் காலையில் காரை எடுத்தால் போதும். திரும்பும்போது நகருக்குள் நுழையாமல் விமான நிலையத்திலேயே ஒப்படைத்துவிடலாம். அத்தனை நாள் வாடகையும் நிறுத்துமிடச் செலவும் மிச்சமாகும். ஊர் திரும்பிய பிறகு அபராதக் கடிதம் வருமோ என்ற கவலையும் இருக்காது.